ரெண்டே ரெண்டு நியான் டெட்ரா

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். இங்க ஒரு கடையில என் பேத்திக்கு ரெண்டே ரெண்டு நியான் டெட்ரா மீன உருண்ட கண்ணாடி பவுல்ல போட்டுக் குடுத்துட்டாங்க, மூணாம் நாளே ரெண்டும் மெதந்துருச்சு, புள்ள வளவுல ஒக்காந்து ஒரே அழுகை. அது அமேசான் பக்கத்து மீனுங்க, ஒண்ணர இஞ்சுதான், ஆறு எட்டு சேந்து இருந்தாத்தான் பயமில்லாம நீந்தும், இல்லன்னா மூலையில ஒதுங்கி அந்த நீலக்கோடே மங்கிப்போகுது. புதுத் தொட்டியில, மீன் கழிவுல வர்ற அம்மோனியாங்கிற வெசத்தத் திங்கிற பாக்டீரியா வளரவே நாலு வாரமாவது ஆகும், அத யாரு சொல்றா? எங்க ஊரு சம்பை ஊத்துத் தண்ணி நமக்கு ருசிதான், ஆனா குளோரின் கலந்த தண்ணிய அப்படியே ஊத்துனா மீனுக்கு வெசம். விக்கிறப்பவே இத ஒரு துண்டுச்சீட்டுல எழுதிக் குடுக்கலாமுல்ல, உங்க பேப்பர்ல ஒரு ஓரமாவாவது போடுங்க.

ஒரு வாசகர், காரைக்குடி