மே 21 அன்று படம் வைப்பவர்களுக்கு

தண்டையார்பேட்டையில் வருஷா வருஷம் ராஜீவ் காந்தி படத்துக்கு மாலை போடும் அண்ணன்மார்களுக்கு,

வணக்கம். இந்த முறையும் வந்திருந்தேன். சாமியானா, மைக் செட், சம்பங்கி மாலை, நீர்மோர் எதிலும் குறையில்லை. பயங்கரவாத எதிர்ப்பு நாள் உறுதிமொழியும் எடுத்தோம். சரி. வெளியே கத்திரி வெயிலில் பந்தோபஸ்துக்கு ஒரு பெண் காவலர் நின்றிருந்தார். மோர் டம்ளர் அவர் பக்கம் போகவேயில்லை. அதைப் பார்த்த பிறகுதான் இதை எழுதத் தோன்றியது.

1991 மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவோடு இறந்தவர்களில் 9 பேர் போலீஸ்காரர்கள். எஸ்.பி. முகமது இக்பால், ராஜீவின் தனிப் பாதுகாவலர் பி.கே.குப்தா, இன்ஸ்பெக்டர்கள், கான்ஸ்டபிள்கள். அதில் ஒரு பெண் காவலரும் உண்டு. பிரதமர் பதவியிலிருந்து இறங்கிய பின் ராஜீவுக்கு எஸ்.பி.ஜி. (பிரதமருக்கென்று உள்ள சிறப்புப் பாதுகாப்புப் படை) பாதுகாப்பு இல்லை. அந்த வளையம் நிற்க வேண்டிய இடத்தில் நின்றவர்கள் இவர்கள்தான். (முன்னாள் பிரதமர்களுக்கும் எஸ்.பி.ஜி. என்று சட்டத்தைத் திருத்தியதும் அதே 1991-இல்தான், எல்லாம் முடிந்த அப்புறம்.) வெடிகுண்டைக் கட்டிக்கொண்டு மாலையோடு நெருங்கியவளைத் தடுத்ததாகவும், எல்லாரும் வரட்டும் என்று ராஜீவே சொன்னதாகவும் காயத்தோடு பிழைத்த பெண் எஸ்.ஐ. ஒருவர் பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

அப்போது எங்கள் தெருவில் ஒரு கான்ஸ்டபிள் குடியிருந்தார். அன்று அவருக்கும் எங்கேயோ டியூட்டி. எங்கே என்று வீட்டில் சொல்லவில்லை. தெருவில் யார் வீட்டிலும் போன் கிடையாது. மறுநாள் பஸ் ஓடவில்லை, கடை திறக்கவில்லை. அவர் மனைவியான அந்த அக்கா அடுப்பைப் பற்றவைக்காமல் வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தார். காக்கிச் சட்டை தெருமுனையில் தெரியும்போதெல்லாம் எழுந்து நிற்பார், ஆள் வேறு என்று தெரிந்ததும் உட்கார்ந்துவிடுவார். சாயங்காலம் அந்த கான்ஸ்டபிள் நடந்தே வந்து சேர்ந்தார். திரும்பி வராத 9 வீட்டு வாசற்படிகளை நான் நினைத்துப் பார்ப்பது அந்த அக்காவை வைத்துத்தான்.

நான் கேட்பது பெரிய விஷயமில்லை. அடுத்த வருஷ பேனரில் ராஜீவ் படத்துக்குக் கீழே அந்த 9 பெயர்களையும் பதவியோடு போடுங்கள். மைக்கில் ஒரு தடவை வாசியுங்கள். ஒரு நிமிஷம்கூட ஆகாது. பேனர் கடையில் சதுர அடிக்குத்தான் காசு, எழுத்துக்கு இல்லை. இடம் போதவில்லை என்றால், கீழே வரிசையாகக் கும்பிட்டபடி நிற்கிறீர்களே, அந்தப் படங்களைக் கொஞ்சம் சின்னதாக்கினால் போதும்.

அப்படியே, வெளியே நிற்பவருக்கும் ஒரு டம்ளர் மோர்.