குறுக்குக் கட்டை வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

சம்பா உழவு தொடங்கிவிட்டது. எங்கள் பக்கம் டிராக்டர் அச்சு வரை சேற்றில் இறங்கினால், பின்சக்கரங்களில் குறுக்கே கட்டையை வைத்துக் கட்டி ஓட்டச் சொல்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கட்டை மண்ணில் ஊன்றிச் சக்கரம் சுழல முடியாமல் நின்றால், அச்சைச் சுற்றி வண்டியே சுழலும். முன்பக்கம் தூக்கிக்கொண்டு, கிளட்சை மிதிப்பதற்குள் ஓட்டுநர் மேலேயே கவிழ்ந்துவிடும். டிராக்டரின் பின்பக்கம் மேலே இருக்கும் இணைப்புக் கம்பியான டாப் லிங்கில் சங்கிலி மாட்டி இழுப்பதும் இதே ஆபத்துதான்.

பின்னால் மாட்டியிருக்கும் உழவுக் கருவியான ரோட்டவேட்டரைக் கழற்றிவிட்டு, சக்கரத்துக்குப் பின்னால் மண்வெட்டியால் சரிவாக வெட்டி, ரிவர்சில் மெல்ல எடுத்தாலே பெரும்பாலும் வந்துவிடும். கூலிக்கு ஓட்டும் பையன்கள் பலருக்கு இதைச் சொல்லித்தர ஆளில்லை. வேளாண் பொறியியல் துறையினர் வயலில் இறங்கிச் செய்துகாட்ட வேண்டும்.

– ஒரு விவசாயி, மன்னார்குடி