கூத்துக் கலைஞர்கள் சபையில் பேசப் பழக வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

தெருக்கூத்து நலிந்து வருவதைப் பற்றி இதழ்களில் நிறையவே எழுதியாயிற்று. அதை ஆடுகிறவர்கள் தங்கள் தேவையைக் கிராம சபையில் எடுத்துச் சொல்லப் பழக வேண்டும் என்று யாரும் எழுதக் காணோம்.

எங்கள் செய்யாறு பக்கம் பங்குனி பிறந்தால் திரௌபதி அம்மன் கோயில்களில் மகாபாரதக் கதையைக் கூத்தாக ஆடும் பாரதம் தொடங்கிவிடும். கூத்து விடிய விடிய நடப்பது. ஆனால் 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. பண்பாட்டு, சமய விழாக்களுக்கு ஆண்டில் மொத்தம் 15 நாள், நள்ளிரவு 12 மணி வரை மாநில அரசு அனுமதிக்கலாம் என்பதும் அதே விதிகளில் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்கத்தான் ஆளில்லை.

ஆகஸ்ட் 15 கிராம சபையில் துரியோதனன் வேஷம் கட்டும் கூத்து வாத்தியார் எழுந்தார். மைக் இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்கும் குரல் அவருக்கு. நாலாக மடித்த மனுவை நீட்டி, “ஐயா பார்த்துச் செய்யணும்” என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். பிறகு கூத்துக்கு முகவீணை ஊதுபவர் பேசினார்: “பத்து மணிக்குக் கூத்தைத் தொடங்கி வைக்கிற கட்டியக்காரன்தான் வந்திருப்பான். அப்பவே மைக்கை நிறுத்தினா, பெரிய வேஷம் வர்றதுக்குள்ள ஜனம் எழுந்து போயிடுது. அடுத்த வருஷம் கூத்தே வேணாம்னு சொல்லிடுறாங்க. எங்க ஜமாவை, இந்தக் கூத்துக் குழுவை நம்பிப் பதினாலு குடும்பம் இருக்கு. 12 மணி வரைக்கும் அனுமதி கேட்டு இந்தச் சபை தீர்மானம் போடணும்.” தீர்மானப் புத்தகத்தில் அது ஏறியது.

கலையைக் காப்பாற்றுங்கள் என்று பொதுவாகச் சொன்னால் அதிகாரிகள் தலையாட்டிவிட்டுப் போவார்கள். என்ன நடக்கிறது, யார் பிழைப்பு கெடுகிறது, என்ன வேண்டும் என்று சொன்னால் பதில் சொல்லியாக வேண்டும். கட்டியக்காரன் வேஷத்தில் ஊர்ப் பெரியவர்களையே கேள்வி கேட்பவர், அரிதாரம் இல்லாமல் நிற்கையில் நா எழாமல் தவிப்பதைப் பார்க்க எனக்கு மனசு கேட்கவில்லை. திறமை இருக்கிறது, பழக்கம்தான் இல்லை. கலை பண்பாட்டுத் துறை ஜமா வாத்தியார்களை அழைத்து, இரண்டு நிமிடம் பேசவைத்து, அதிகாரிகள் கேட்கக்கூடிய கேள்விகளைக் கேட்டுப் பழக்கலாம். கூத்துக் களத்தை ஒட்டிக் கடை போடும் டீக்கடைக்காரரும் பூக்காரம்மாவும் எழுந்து பேசினால் இன்னும் எடுபடும்.

அக்டோபர் 2, நவம்பர் 1, ஜனவரி 26 என்று பங்குனிக்கு முன் மூன்று கிராம சபைகள் இருக்கின்றன. இப்போதே தொடங்கினால் வரும் பாரதத்துக்கே அனுமதி கேட்கலாம்.

இப்படிக்கு,
கூத்து பார்த்து வளர்ந்த வாசகர்,
செய்யாறு.