ரோஸ் பெங்கால் பாசிட்டிவ்

அன்புள்ள முத்து,

கடிதம் கிடைத்தது. கால்நடைகளிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் புரூசெல்லா கிருமிக்கான ரத்தச் சோதனை, அந்த ரோஸ் பெங்கால், பாசிட்டிவ் என்றதும் ஆடிப்போய்விட்டாய் போல. காய்ச்சல் இல்லை, மூட்டுவலி இல்லை, ராத்திரி வியர்க்கவும் இல்லை என்கிறாய். இருபது வருஷமாகக் கால்நடை மருத்துவனாக மாடுகளுக்கு நஞ்சுக்கொடி எடுக்கிற கை உன்னுடையது. கிடேரிக் கன்றுகளுக்கு எஸ்19 என்ற புரூசெல்லா தடுப்பூசி வேறு போடுகிறாய். அதில் இருப்பது உயிருள்ள கிருமி, ஊசி உன் விரலில் எத்தனை தடவை குத்தியதோ! உன் சீரத்தில் (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீரில்) அந்தக் கிருமிக்கு எதிர்ப்பொருள் இல்லாவிட்டால்தான் எனக்கு ஆச்சரியம். அந்தச் சோதனை சந்தேகப்பட மட்டும் உதவும். பழைய தொற்றா புதிதா என்று சொல்லாது. அதை நம்பி ஆறு வாரம் டாக்ஸிசைக்ளின் மாத்திரை விழுங்காதே.

இதற்கு நேர்மாறாக ஒன்று சொல்கிறேன். போன மாதம் ஓர் ஆட்டுக்காரர் வந்தார். இரண்டு மாதமாக விட்டுவிட்டுக் காய்ச்சல், இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்தார். வேறோர் இடத்தில் வைடால் என்ற டைஃபாய்டு ரத்தச் சோதனை பார்த்து, டைஃபாய்டு என்று மருந்து கொடுத்திருக்கிறார்கள். புரூசெல்லாவுக்குக் குழாய்ச் சோதனையும் (சீரத்தைக் குழாய்க்குக் குழாய் இரு மடங்கு நீர்க்க வைத்து, கிருமிகளோடு கலந்து, அவை ஒட்டிப் படிகின்றனவா என்று பார்ப்பது) செய்து, 160 மடங்கு நீர்ப்பு, அதாவது 1:160 வரை பார்த்து 'நெகட்டிவ்' என்று எழுதிவிட்டார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. அதே சீரத்தை இன்னும் நீர்க்க வைத்து, ஒரு நாள் 37 டிகிரியில் விட்டேன். காலையில் பார்த்தால் முதல் நாலு குழாய் கலங்கலாகவே, அதாவது நெகட்டிவ் போலவே இருந்தன. ஐந்தாவது குழாயிலிருந்து, மேலே தெளிந்த நீர், அடியில் பாய் விரித்ததுபோல் படிவு, அதாவது பாசிட்டிவ், 1:1280 வரை! எதிர்ப்பொருள் அளவுக்கு மீறி இருந்ததால் அடர்ந்த சீரத்தில் கிருமிகள் ஒட்டவே இல்லை. பாதி வழியில் நிறுத்துகிறவர்களை என்ன சொல்ல?

சரி, உன் விஷயம். இப்போது ஒரு சாம்பிள், மூன்று வாரம் கழித்து ஒன்று அனுப்பு. டைட்டர் (எவ்வளவு நீர்த்தும் பாசிட்டிவ் காட்டுகிறது என்ற அளவு) நாலு மடங்கு ஏறுகிறதா என்று இரண்டையும் ஒரே நாளில் வைத்துப் பார்க்கிறேன். மெர்காப்டோஎத்தனால் என்ற ரசாயனத்தைக் கலந்தும் பார்ப்பேன். தொற்றின் தொடக்கத்தில் வரும் எதிர்ப்பொருளான ஐஜிஎம் உடைந்துபோகும், மிச்சம் நிற்பது பின்னால் வரும் ஐஜிஜி. அந்த ரசாயனத்துக்கு அழுகிய முட்டை நாற்றம். உனக்காகப் பொறுத்துக்கொள்கிறேன்.

இடையில் காய்ச்சல் வந்தால் மட்டும் காத்திருக்காதே, உடனே கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துப் பார்க்க) ரத்தம் கொடு. படிவத்தில் 'கால்நடை மருத்துவர், புரூசெல்லா சந்தேகம்' என்று கொட்டை எழுத்தில் எழுது. தெரியாமல் திறந்த மேசையில் கிருமி வளர்ந்த தட்டைப் பிரித்தால் எங்கள் ஆய்வக ஆட்களுக்கே தொற்றிவிடும்.

அப்புறம், கன்று வீசிய மாட்டுக்காவது கையுறை போடுகிறாயா?

அன்புடன்,
செல்வம்