கொட்டகைத் திடலை விட்டுவிடுங்கள்

மதிப்பிற்குரிய பேரூராட்சித் தலைவர், செயல் அலுவலர், மன்ற உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

போன செவ்வாய்க்கிழமை, பழைய டூரிங் டாக்கீஸ் நடந்த கொட்டகைத் திடலில் ஜேசிபி வந்து டிக்கெட் கவுன்ட்டர் சுவரை இடித்தது உங்களுக்குத் தெரிந்த விஷயம்தான். தீர்மானம் போட்டதே நீங்கள்தானே. சனி, ஞாயிறில் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக வருகிற கார்களை நிறுத்த இடம் வேண்டும் என்கிறீர்கள். சரி, வேண்டும்தான். அதற்கு ஊரில் வேறு புறம்போக்கே இல்லையா?

அந்த டூரிங் டாக்கீஸ் வருஷம் முழுக்க ஓடியதில்லை. தை பிறந்து தரை காய்ந்ததும் கீற்று வேய்ந்து, கடற்கரை மணலை வண்டியில் கொண்டுவந்து கொட்டுவார்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் கீற்றைப் பிரித்து, உப்புக் காற்றுக்குப் பயந்து புரொஜெக்டரைச் சாக்கில் சுற்றி ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். பகல் காட்சி கிடையாது. கீற்றிடுக்கில் வெயில் விழுமே. முதல் ஆட்டம், இரண்டாம் ஆட்டம், அவ்வளவுதான். ஒரே புரொஜெக்டர் என்பதால் ரீல் மாற்ற மூன்று நான்கு இடைவேளை, அத்தனையிலும் சுண்டலும் முறுக்கும். கடல் பக்கமிருந்து காற்று எழும்பினால் திரைத்துணி புடைத்து, கதாநாயகனுக்குப் பொன்னுக்கு வீங்கி வந்த மாதிரி கன்னம் உப்பும். அழுகிற காட்சியில் அப்படி ஆனால் கொட்டகையே சிரிக்கும். தரை டிக்கெட்டில் மணலைக் குவித்து மேடாக்கி உட்கார்ந்தவர்களோடு பின்னால் இருப்பவர்கள் போட்ட சண்டை தனிப்படம்.

மீன் கூடையோடு வந்த பெண்கள் கூடையை ஓரமாக வைத்துவிட்டுப் படம் பார்த்தார்கள். யாரும் மூக்கைப் பொத்தியதில்லை.

இப்போது என்ன நிலைமை? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. விசைப்படகெல்லாம் கரையில் கிடக்கும், ஆட்கள் திண்ணையில் கிடப்பார்கள். ஒரு படம் பார்க்கலாம் என்றால் டவுனுக்குப் போக வேண்டும். மாலைக் காட்சி முடிய ஒன்பதரை ஆகும். நம்மூருக்குக் கடைசி பஸ் ஒன்பது மணிக்கு. பக்கத்து வீட்டு அக்கா டவுனில் பார்த்த எந்தப் படத்துக்கும் முடிவு தெரியாது. கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, வில்லன் மாட்டுவதற்கு முன்னாலேயே எழுந்து பஸ் ஸ்டாண்டுக்கு ஓடி வருகிறார். மறுநாள் முழுக் காசு கொடுத்துப் பார்த்த படத்தின் கதையை வீட்டுக்காரர் யாரிடமாவது கேட்டு வந்து சொல்ல வேண்டியிருக்கிறது. ஆட்டோவில் வரலாமே என்று உறுப்பினர் ஒருவர் சொன்னாராம். தடைக்காலத்தில் ஆட்டோ!

அதனால்தான் கேட்கிறோம், அந்தத் திடலை விட்டுவிடுங்கள்.

நாங்கள் ஏ.சி. தியேட்டர் கேட்கவில்லை. 1905இல் திருச்சியில் ரயில்வே வேலையில் இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், ஒரு பிரெஞ்சுக்காரரிடம் கருவியை வாங்கி, கூடாரம் அடித்துத்தான் ஊர் ஊராகப் படம் காட்டினார். நமக்கும் ஒரு திடலும் துணியும் போதும். ஆபரேட்டர் ரூம் இன்னும் உறுதியாகத்தான் நிற்கிறது. சுவரில் இரண்டு சதுர ஓட்டைகள், கூரையில் புரொஜெக்டரின் கார்பன் குச்சிப் புகை படிந்த கறுப்பு எல்லாம் அப்படியே இருக்கின்றன. புயலுக்கும் விழாத சுவர் அது, தீர்மானத்துக்கு விழப்போகிறது.

கடற்கரையில் ஊர்ப் பெயரை ஆளுயர எழுத்தில் எழுதி, நடுவில் சிவப்பு இதயம் வைத்து விளக்கும் போட்டிருக்கிறீர்கள். அந்த வெளிச்சத்தில் பாதியாவது மீன் ஏலக்கூடத்துக்குக் கிடைத்திருக்கலாம். அங்கே பெண்கள் விடியற்காலையில் செல்போன் டார்ச்சில்தான் மீன் பிரிக்கிறார்கள். வெளியூர்க்காரர்கள் படம் எடுத்துக்கொள்ள எல்லா வசதியும் உண்டு; உள்ளூர்க்காரர்கள் படம் பார்க்கத்தான் இடமில்லை. அது போகட்டும், அதை வேறொரு மனுவில் எழுதுகிறேன்.

1955ஆம் ஆண்டு சினிமா ஒழுங்குமுறைச் சட்டப்படி உரிமம் தர வேண்டியவர் மாவட்ட ஆட்சியர் என்பது எங்களுக்கும் தெரியும். தீயணைப்பு, மின்சாரம் என்று எந்தச் சான்றிதழ் கேட்டாலும் அலைந்து வாங்க ஊரில் பிள்ளைகள் தயாராக இருக்கிறார்கள். திடல் மட்டும்தான் உங்கள் கையில் இருக்கிறது. அடுத்த மன்றக் கூட்டம் வரை ஆபரேட்டர் ரூமில் கை வைக்க வேண்டாம் என்று ஒப்பந்தக்காரரிடம் சொல்லிவையுங்கள். கூட்டத்தில் தீர்மானத்தை மறுபரிசீலனை செய்து, தடைக்கால இரண்டு மாதங்களாவது அங்கே மாலையில் படம் போட இடம் ஒதுக்கும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். மற்ற மாதங்களில் கார்கள் தாராளமாக நிற்கட்டும்.

இப்படிக்கு,
தரை டிக்கெட்காரன் ஒருவன்