சுற்றிலும் கொத்தி எருப்போட்டவர்களுக்கு

கிறிஸ்துவுக்குள் அன்பான பாஸ்டர் ஐயாவுக்கும், ஜெபக்குழு அக்காவுக்கும், தம்பிக்கும்,

ஸ்தோத்திரம். எனக்குப் பக்கவாதம் வந்து 14 மாதம் ஆகிறது. இடது கை விரல்கள் இன்னும் முழுசாக மடங்கவில்லை. வலது கைக்கு ஒன்றும் இல்லாததால் இதை நானே எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம் என்று மூன்று பேருமே சொல்லிவிட்டீர்கள். சரி, போடவில்லை. நன்றியை மட்டும் நாலு பேர் அறியச் சொல்ல விடுங்கள்.

அக்கா, முதலில் உங்களுக்கு. அப்போது என் பார்வையில் இடதுபக்கம் மறைந்துபோயிருந்தது. வேதத்தைத் திறந்தால் வரியின் ஆரம்பமே கண்ணில் படாது. நீங்கள் 130ஆம் சங்கீதத்தை எடுத்தீர்கள். ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் கட்டைவிரல் நகத்தை ஊன்றி, நான் எழுத்துக்கூட்டி முடிக்கும்வரை அசையாமல் வைத்திருந்தீர்கள். எட்டே வசனம், அரைமணி நேரம் ஆனது. நாலாம் வசனத்தில் நின்றுவிட்டேன். "உமக்குப் பயப்படும்படிக்கு உம்மிடத்தில் மன்னிப்பு உண்டு." தண்டிப்பார் என்றுதானே பயப்படுவோம்? மன்னிப்பார் என்பதற்காகப் பயமா? நீங்கள் விளக்கம் சொல்லவில்லை. "மறுபடி வாசிங்க" என்றீர்கள். அந்த வசனத்தைத்தான் இன்றுவரை வாசித்துக்கொண்டிருக்கிறேன்.

என்னைப் பார்க்க வந்தவர்களில் சிலர், "என்ன பாவமோ, அறிக்கை செய்துவிடு" என்றார்கள். வேறு சிலர், "உன்மேல் ஒரு குற்றமும் இல்லை, இது சத்துருவாகிய சாத்தானின் வேலை" என்றார்கள். வேதத்தில், குற்றமில்லாமலே துன்பப்பட்ட யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் இரவும் பகலும் அவரோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை நல்லது, வாயைத் திறந்த பிறகுதான் கெடுத்தார்கள். கடைசி அதிகாரத்தில் கர்த்தரின் கோபம் எலிப்பாஸ் மேலும் மற்ற இரண்டு பேர் மேலும் மூண்டது. யோபுவோ நிதானமாய்ப் பேசினார் என்று கர்த்தரே சொல்கிறார். இதை நினைத்து நானும் ஆறுதல் அடைந்திருக்கலாம். ஆனால் நான் யோபு இல்லை. அது எனக்கு நன்றாகத் தெரியும்.

பதினொரு வருஷத்துக்கு முன்னால், அலுவலகக் கணக்கில் நான் செய்த தவறுக்கு எனக்குக் கீழே வேலை பார்த்த ஒருவர்மேல் பழி விழுந்தது. அவரை மேலதிகாரி விசாரித்தபோது நான் அதே அறையில், ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை. அவருக்கு வேலை போனது, திருடன் என்ற பெயரோடு.

ஐயா, "இது அதற்கான நியாயத்தீர்ப்பா?" என்று கேட்டேன். நீங்கள் வேதத்தில் லூக்கா 13ஆம் அதிகாரத்தைத் திறந்தீர்கள். சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தார்கள். அவர்கள் எருசலேமில் எல்லாரையும்விடக் குற்றவாளிகளா? அப்படியல்ல என்கிறார் இயேசு. உடனே, நீங்கள் மனந்திரும்பாவிட்டால் எல்லாரும் கெட்டுப்போவீர்கள் என்றும் சொல்கிறார். கோபுரம் ஏன் விழுந்தது என்று மட்டும் சொல்லவில்லை. (பிறவிக் குருடனைப் பார்த்து "யார் செய்த பாவம்?" என்று சீஷர்கள் கேட்டபோது, கண்ணைக் கழுவ அவர் அனுப்பியதும் சீலோவாம் குளத்துக்குத்தான். இதை நான் பிறகு கவனித்தேன்.) நீங்கள் சொன்னது அப்படியே நினைவில் இருக்கிறது: "அதற்குத்தான் இது என்று சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. ஆனால் நோய் தண்டனையாக இல்லாவிட்டாலும் நீங்கள் செய்தது பாவம்தான். நோய் வராமலிருந்தாலும் பாவம்தான்."

கர்த்தரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேனே என்று இழுத்தேன். வரி வசூலித்த சகேயு, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாக, அதாவது நாலு மடங்காக, திருப்பிக் கொடுப்பேன் என்றது யாருக்கு என்று கேட்டீர்கள். அப்புறம் அதே 13ஆம் அதிகாரத்தின் அத்திமரத்தைக் காட்டினீர்கள். மூன்று வருஷம் காய்க்காத மரம். வெட்டிப்போடு என்கிறார் எஜமான். இந்த வருஷமும் இருக்கட்டும், சுற்றிலும் கொத்தி எருப்போடுகிறேன் என்கிறான் தோட்டக்காரன். அடுத்த வருஷம் காய்த்ததா என்று அந்த உவமை சொல்லவே இல்லை. கொத்தும்போது வேர் வலிக்கும், ஐயா. வலிக்கட்டும் என்று விடாமல் கொத்தினீர்கள். நன்றி.

தம்பி, என் பழியைச் சுமந்த உங்கள் எண்ணைத் தேடிப் பிடிக்க மூன்று வாரம் ஆனது. வாய் குழறக் குழற நான் சொன்னதைக் கடைசிவரை கேட்டீர்கள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. ஒன்றே ஒன்று கேட்டீர்கள்: "என் பையனிடம் நீங்களே சொல்லுங்க. அவன் அதைக் கேட்டுக்கேட்டே வளர்ந்தான்."

அவனைக் கூட்டிக்கொண்டு வந்தீர்கள். எதிரே உட்காரவைத்தீர்கள். இழந்த சம்பளத்தை நான் தவணையாகத் தருவதற்குச் சம்மதித்தீர்கள். இவற்றில் எதையும் செய்ய வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. பையன் நான் பேசி முடிக்கும்வரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு உங்களைத்தான் பார்த்தான், என்னை அல்ல. அந்தப் பார்வையைக் காணும்படி என்னை அங்கே இருக்கவிட்டீர்களே, அதற்கு எப்படி நன்றி சொல்வேன்?

அன்று உங்களை விசாரித்த அறையில் இருந்த மற்றவர்களுக்கும் நடந்ததை எழுத ஆரம்பித்திருக்கிறேன். முதல் பிரதியை உங்களுக்கு அனுப்புகிறேன், தம்பி. எங்காவது என்னை நான் குறைத்துச் சொல்லியிருந்தால் அடித்துவிட்டு, நடந்தபடி எழுதிக் கொடுங்கள்.