மணிச் சத்தம் கேட்கும் தூரம்

அன்புள்ள செல்வா,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிவிட்டது. முப்பது வருடம் பஸ் ஓட்டிய கால் இப்போது கணக்குத் தீர்க்கிறது. வலது முழங்காலுக்கு ஊசி போட்டுக்கொண்டு படுத்திருந்தேன். இப்போது பரவாயில்லை, கீழே கோப்பிக்கடை வரை போய் வருகிறேன்.

உன் மகன் விஷயத்தைப் படித்ததும் எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது, கோபித்துக்கொள்ளாதே. சிகாகோவில் தீயணைப்பு வேலை பார்ப்பவன் நகர எல்லைக்குள்தான் குடியிருக்க வேண்டும், எல்லை தாண்டிப் பத்து நிமிடத்தில் நல்ல பள்ளிக்கூடமும் தோட்டத்தோடு வீடும் மருமகள் பார்த்து வைத்திருந்தும் வாங்க வழியில்லை, இது என்ன அநியாயம் என்று பொரிந்து தள்ளியிருக்கிறாய். சொல்வது யார்? சிங்கப்பூரில் பொம்பா ஸ்டேஷன் மாடியிலேயே, தீயணைப்பு நிலையத்துக்கு மேலேயே, வளர்ந்த பயல்!

கீழே வண்டிகள், மேலே நாம். மணி அடித்தால் அடுப்பில் இருக்கும் குழம்பைக்கூடப் பார்க்காமல் நம் அப்பாக்கள் படியில் தடதடவென்று இறங்குவார்கள். உன் அம்மா, என் அம்மா, எதிர் வீட்டு மலாய்க்கார அம்மா மக்சிக், மூன்று பேரும் தாழ்வாரத்தில் நின்று எந்தப் பக்கம் வண்டி திரும்புகிறது என்று பார்ப்பார்கள். ஹில் ஸ்ட்ரீட்டில் சிவப்பும் வெள்ளையுமாக நிற்கிறதே மத்திய தீயணைப்பு நிலையம், 1909இல் திறந்தது, அங்கேயும் இதே ஏற்பாடுதான். வீரர்களும் குடும்பங்களும் அந்த வளாகத்திலேயே குடியிருந்தார்கள். வேலையும் வீடும் ஒரே கூரைக்குக் கீழே. உன் மகனுக்கு ஒரு பெரிய நகரம் முழுக்க இடம் இருக்கிறது. நமக்கு இருந்தது இரண்டு மாடி.

1961 மே 25 ஞாபகம் இருக்கிறதா? ஹஜ்ஜுப் பெருநாள். மக்சிக் வீட்டிலிருந்து வந்த ரெண்டாங் இறைச்சிக் கறியைச் சாப்பிட்டுவிட்டு அப்பா கைலியோடு படுத்திருந்தார், அன்று அவருக்கு லீவு. புக்கிட் ஹோ சுவீ பக்கம் புகை எழும்பியது. யாரும் வந்து கூப்பிடவில்லை, மணி அடித்தது, அவ்வளவுதான். கைலியோடு கீழே ஓடியவர் வண்டியில்தான் காற்சட்டை மாட்டினார் என்று அம்மா சாகும்வரை சொல்லிச் சிரித்தாள். அன்று நாலு பேர் செத்தார்கள், கிட்டத்தட்ட 16,000 பேருக்கு வீடு போனது. அப்பா திரும்பி வந்தபோது புருவம் கருகியிருந்தது. ஆட்கள் ஸ்டேஷனோடு ஸ்டேஷனாக இருந்ததன் பலன் அன்று தெரிந்தது. ஆகவே, பக்கத்தில் குடியிரு என்கிற விதி வெறும் கிறுக்குத்தனம் என்று என்னால் சொல்ல முடியாது.

ஆனால் உன் கடிதத்தை இரண்டாவது தடவை படித்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. படுக்கையில் வேறு வேலை இல்லாததால் பேத்தியின் டேப்லட்டை வாங்கித் தேடிப் படித்தேன். உன் ஊர்க் கதையை உனக்கே சொல்கிறேன், பொறுத்துக்கொள். பிலடெல்பியாவில் ஒருவர் பதினாறு வருடம் தீயணைப்பாளராக இருந்துவிட்டு வீட்டை நியூ ஜெர்சிக்கு மாற்றினார். வேலை போய்விட்டது. வழக்கு உங்கள் உச்ச நீதிமன்றம் வரை போய், 1976இல் நகரத்தின் விதி செல்லும் என்று தீர்ப்பு. அந்த விதியில் சட்டப்படி குறை இல்லை என்று அன்றோடு முடிவாகிவிட்டது. ஆனால் உனக்கு வடக்கே, அதே ஏரிக் கரையில் இருக்கிற மில்வாக்கியைப் பார். 1938 முதல் இருந்த விதி. 2013இல் மாநில அரசே இப்படிப்பட்ட விதிகளை எல்லாம் ரத்து செய்தது. தீயணைப்பு, போலீஸ்காரர்களை மட்டும் எல்லையிலிருந்து 15 மைலுக்குள் இருக்கச் சொல்லலாம் என்று விட்டுவைத்தது. நகரம் வழக்குப் போட்டு 2016இல் தோற்றது. ஒஹையோவில் அதற்கு முன்பே, 2006இல், இதே மாதிரிச் சட்டம் வந்துவிட்டது. ஆக, உன் மகன் ஒரே ஏரியின் தெற்குக் கரையில் இருப்பதால் மாட்டிக்கொண்டிருக்கிறான்.

இங்கேதான் எனக்கு ஒன்று உறுத்தியது. சிகாகோவிலும் 24 மணி நேர ஷிப்ட், அப்புறம் 48 மணி நேரம் ஓய்வு என்கிறாய். என் மாப்பிள்ளைக்கும் அப்படியேதான், இங்கே தீயணைப்பு வேலையைப் பார்க்கும் குடிமைத் தற்காப்புப் படையில். வேலை முறையில் இருப்பவன் ஸ்டேஷனிலேயே சாப்பிட்டு ஸ்டேஷனிலேயே படுக்கிறான். வண்டி கிளம்பும் வேகத்துக்கும் அவன் வீடு எங்கே என்பதற்கும் என்ன சம்பந்தம்? இங்கே தீ என்று 995க்கு அழைத்தால் எட்டு நிமிடத்தில் போய்ச் சேர வேண்டும் என்பது இலக்கு. அதைக் காப்பாற்றுவது தீவு முழுக்கப் பரப்பி வைத்திருக்கும் நிலையங்களும், பேட்டைக்குள் இருக்கும் சின்னச் சின்னத் தீயணைப்புச் சாவடிகளும், குறுகலான இடத்தில் புகும் ரெட் ரைனோ வண்டியும். மாப்பிள்ளையின் வீட்டு முகவரி இல்லை. அவர் வீடு பொங்கோலில், வேலை துவாஸில். தீவின் இந்த முனையிலிருந்து அந்த முனை. பஸ் ஓட்டியவன் சொல்கிறேன், அது லேசான தூரம் இல்லை.

ஏன் பொங்கோல் என்றால், பிடிஓ என்கிற புது அரசாங்க வீட்டுக் குலுக்கலில் விழுந்தது அங்கேதான். நம் ஊரில் யார் எங்கே குடியிருப்பது என்பதை நிர்ணயிப்பது வேலை இல்லை, வீவக என்கிற வீடமைப்பு வளர்ச்சிக் கழகம். விதிகளுக்குக் குறைவும் இல்லை. வாங்கிய வீட்டில் ஐந்து வருடமாவது குடியிருந்தால்தான் விற்கலாம். 1989 முதல் ஒவ்வொரு புளோக்கிலும் இனவாரியாக விகிதம் உண்டு. சீனர் பங்கு நிறைந்துவிட்ட புளோக்கில் நம் ஆட்கள் விற்கும்போது சீனர் அல்லாத ஒருவரைத் தேடி அலையும் கதை உனக்குத் தெரியாதது இல்லை. ஆனால் வேடிக்கை கேள்: பெற்றோர் வீட்டிலிருந்து நாலு கிலோமீட்டருக்குள் மறுவிற்பனை வீடு வாங்கும் குடும்பத்துக்கு 20,000 வெள்ளி மானியம், பெற்றோரோடு ஒரே வீட்டில் இருந்தால் 30,000. முதலாளிக்குப் பக்கத்தில் இருக்க யாரும் காசு தருவதில்லை, மாமனாருக்குப் பக்கத்தில் இருக்கத் தருகிறார்கள். மாப்பிள்ளையிடம் இதைச் சொன்னேன். சிரித்தார், வேறொன்றும் சொல்லவில்லை.

அப்படியானால் சிகாகோ ஏன் பிடிவாதமாக நிற்கிறது? சம்பளம் நகரத்தின் பணம், அது நகரத்துக்குள்ளேயே சுழல வேண்டும், சொத்து வரியும் அங்கேயே விழ வேண்டும். அதுதான் முக்கியக் காரணம் என்று எனக்குப் படுகிறது. தெருவைத் தெரிந்தவன் தெருவைக் காப்பான் என்பது இரண்டாவது. அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் தீயணைப்பாளர்களும் போலீஸ்காரர்களும் மவுண்ட் கிரீன்வுட், எடிசன் பார்க் என்று எல்லைக் கோட்டை ஒட்டிய பேட்டைகளாகப் பார்த்துக் குடியேறுகிறார்கள் என்றால், விதி பாதி தோற்றுவிட்டது. ஊருக்குள் இரு என்றால் ஊரின் விளிம்பில் உட்கார்ந்துகொள்கிறார்கள்.

நம் அப்பாக்களுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டு, இங்கேயே இரு என்றார்கள். உன் மகனிடம் வீட்டை நீயே வாங்கிக்கொள், எங்கே என்பதை மட்டும் நாங்கள் சொல்கிறோம் என்கிறார்கள். எனக்கு ஒப்பாதது இந்த இடம்தான். நகரத்துக்குள் இருப்பது வேலையின் ஒரு பகுதி என்றால் அதற்கும் சேர்த்துச் சம்பளம் தரட்டும்.

கொடுத்த வீட்டிலும் ஒரு முள் இருந்தது, அதை மறைக்க மாட்டேன். அப்பா ஓய்வு பெற்றபோது சாவியைத் திருப்பிக் கொடுத்தோமே, அந்தக் காலை. குவாட்டர்ஸ் என்றால் அதுதான் முறை, யாரையும் குற்றம் சொல்லவில்லை. ஆனால் அம்மா காலி அடுப்படியைக் கூட்டிவிட்டு, "இத்தனை வருஷமும் விருந்தாளியாத்தான் இருந்திருக்கோம்" என்றாள். புது வீவக வீட்டுக்கு வந்த பிறகு அப்பா பல மாதம் இரவில் எழுந்து உட்கார்ந்திருப்பார். மணி கேட்கவில்லையே என்று தூக்கம் வரவில்லை. அதனால்தான் சொல்கிறேன், உன் மகன் எங்கே வாங்கினாலும் அவன் பெயரில் வாங்கட்டும்.

ஒன்றை மட்டும் செய்ய விடாதே. நகரத்துக்குள் ஒரு அறை வாடகைக்கு எடுத்து முகவரி காட்டிவிட்டு வெளியே குடும்பம் நடத்துவது. சிலர் செய்கிறார்கள் என்று நீயே ஜாடையாக எழுதியிருக்கிறாய். அப்படி மாட்டி வேலை போனவர்கள் அங்கே உண்டு. இங்கேயும் இதே வியாதிதான், காரணம் மட்டும் வேறு. தொடக்கநிலை ஒன்றில் சேர்க்க, பள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் வீடு என்றால் முன்னுரிமை. அதற்காகப் பொய் முகவரி கொடுத்து நீதிமன்றம் போன பெற்றோர் இருக்கிறார்கள். தீயில் குதிக்கிறவன் தபால் பெட்டிக்குப் பயந்து வாழ வேண்டாம். மருமகளிடம் பக்குவமாகப் பேசு. எல்லைக்குள்ளேயே சின்னதாக ஒன்று பார்க்கச் சொல். மீதிப் பணத்தில் பள்ளிக்கூடத்துக்கு வழி பண்ணலாம். இல்லை, மில்வாக்கி பக்கம் போகத் துணிந்தால் அதுவும் சரிதான், ஆனால் வேறு நகரத்தில் கீழிருந்து தொடங்க வேண்டியிருக்கும். அதை அவன்தான் யோசிக்க வேண்டும், நாம் இல்லை.

போன மாதம் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். இங்கே 2015 முதல் ஒரு செயலி இருக்கிறது, மைரெஸ்பாண்டர் என்று பெயர். பக்கத்தில் யாருக்காவது இதயத் துடிப்பு நின்றுபோனாலோ சின்னதாகத் தீப்பிடித்தாலோ, அருகே இருப்பவர்களின் கைப்பேசிக்குத் தகவல் போகும். வேலை முறையில் இருக்க வேண்டியதில்லை, கிட்டே இருந்தால் போதும். மாப்பிள்ளைக்கு அன்று ஓய்வு நாள், கைலியோடு சோபாவில் குறட்டை. கைப்பேசி கத்தியது. அடுத்த புளோக்கின் குப்பைக் குழாயில் புகை. நான் கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் ஆள் வாளியோடு படியில் இறங்கிவிட்டார். மகள் தாழ்வாரத்தில் போய் நின்றாள். நானும் முழங்காலை இழுத்துக்கொண்டு போய் நின்று, எந்தப் பக்கம் ஓடுகிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

சரி. டிசம்பரில் வருவதாக எழுதியிருக்கிறாய், தேதி முடிவானதும் சொல். தேக்காவில் மீன்தலைக் கறி உன் செலவு. நம் குவாட்டர்ஸ் வாசலில் ஏழெட்டுப் பிள்ளைகளாக நின்று எடுத்த படம் உன்னிடம்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். என்னிடம் தேடிப் பார்த்துவிட்டேன், இல்லை. வரும்போது எடுத்து வா. முடியாவிட்டால் மகனிடம் சொல்லிக் கைப்பேசியில் அனுப்பச் சொல்.

உன்
ராசு